ட்ராப்பை உடைக்க எந்த வழி? ஸ்க்ரீன் போடுபவரின் கையைப் பார்த்து முடிவெடுங்கள்

கூடைப்பந்தில் ஒரே ஒரு நல்ல கார்டை (பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துபவரை) நம்பி ஆடும் அணிக்கு எதிராக இறங்கும் பயிற்றுவிப்பாளர் முதலில் யோசிப்பது, பந்து அந்தக் கார்டின் கையில் இருக்கக் கூடாது என்பதைத்தான். அதற்கு அவருக்குக் கிடைக்கும் எளிய வழி, பிக் அண்ட் ரோல் (சக வீரர் ஒருவர் கார்டைக் காப்பவரின் வழியை மறித்து ஸ்க்ரீன் போட்டு, பிறகு கூடையை, அதாவது ரிங்கை, நோக்கி ஓடும் ஆட்டம்) தொடங்கியதுமே இரண்டு பேரைப் பந்தின் மீது பாயவிட்டு அடைப்பது, அதாவது ட்ராப். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வயதுப் பிரிவுப் போட்டிகளைப் பார்ப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. ஸ்க்ரீன் வருகிறது. இரண்டு பேர் கையை உயர்த்திக்கொண்டு வந்து விழுகிறார்கள். கார்ட் பந்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டு முதுகைத் திருப்புகிறார். உயரமாக ஒரு பாஸ் மிதந்து போகிறது, எதிரணி அதைப் பிடித்துக்கொண்டு ஓடி, ரிங்குக்குக் கிட்டே போய் லே-அப் போடுகிறது. நான்கைந்து தடவை இப்படி நடந்ததும் கோட்டுக்கு வெளியே இருந்து ஒரு குரல் கேட்கும்: "ஸ்க்ரீன் வேணாம், விலகு மனே, விலகு!"

எனக்கு வருத்தம் தருவது அந்தக் குரல்தான். இரண்டு பேர் பந்தின் மீது வந்துவிட்டார்கள் என்றால், மீதிக் களத்தில் நம்மவர் நான்கு பேர், அவர்கள் மூன்று பேர். எதிரணி தானாகவே நமக்கு ஓர் ஆளைக் கூடுதலாகத் தந்திருக்கிறது. ஓரிரு விநாடிகளுக்கு மட்டும் கிடைக்கும் அந்த வாய்ப்பை எப்படிப் புள்ளியாக மாற்றுவது என்பதற்குப் பல வழிகள் உண்டு. எல்லாவற்றையும் ஓர் அணிக்குச் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்காது. டியூஷன் முடிந்து பிள்ளைகள் வந்து, வெளிச்சம் போகுமுன் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில் எதைப் பழக்குவது என்பதுதான் கேள்வி. பெரும்பாலான பயிற்றுவிப்பாளர்கள் தங்கள் கார்டின் திறமையைப் பார்த்து இதை முடிவெடுக்கிறார்கள். ஸ்க்ரீன் போடும் ஆளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ட்ராப் வந்த பிறகு பந்து போய்ச் சேரப்போவது அவரிடம்தான்.

முதலில் எதிரணி என்ன செய்கிறது என்று பாருங்கள்

வேகமாக வெளியே வந்து தடுப்பதெல்லாம் ஒரே வகை என்று நினைத்துவிடக் கூடாது. ஹெட்ஜ் என்றால், ஸ்க்ரீன் போடுபவரைக் காக்கும் ஆள் சட்டென்று வெளியே வந்து கார்டின் பாதையை மறிப்பார். கார்டின் சொந்தக் காவலாள் ஸ்க்ரீனைச் சுற்றி வந்து சேர்ந்ததும் தன் ஆளிடம் ஓடிவிடுவார். ட்ராப் என்றால் திரும்பிப் போவதே இல்லை. இரண்டு பேரும் பந்து கைமாறும் வரை கார்டை அடைத்து நிற்பார்கள். ஹெட்ஜில் நமக்குக் கிடைப்பது வெளியே வந்தவர் திரும்பி ஓடும் அந்தக் குறுகிய நேரம். ட்ராப்பில் நேரம் அதிகம், ஆனால் பந்தை வெளியே எடுப்பது கடினம். ஒன்றுக்குப் பொருந்தும் மருந்து மற்றதற்கு அவ்வளவாகப் பொருந்தாது. முதல் கால்பகுதியில் இரண்டு மூன்று தடவை ஸ்க்ரீன் போட்டுப் பார்த்து, வெளியே வரும் பெரிய ஆள் திரும்பி ஓடுகிறாரா, ஒட்டிக்கொண்டு நிற்கிறாரா என்பதைக் குறித்துக்கொள்ள ஒருவரை பெஞ்சில் வையுங்கள்.

இன்னொன்று, ஸ்க்ரீன் எங்கே போடப்படுகிறது என்பது. சர்வதேச விதிப்படி களத்தின் நீளம் 28 மீட்டர், மூன்று புள்ளிக் கோட்டின் தூரம் 6.75 மீட்டர். கணக்குப் போட்டால் மூன்று புள்ளிக் கோட்டின் உச்சியிலிருந்து நடுக்கோடு வரை ஏறத்தாழ 5.7 மீட்டர்தான் இருக்கிறது. இந்த இடம்தான் கார்டுக்கு மூச்சு விடும் இடம். ட்ராப் வரும்போது முகத்தைக் களத்துக்குக் காட்டியபடியே பந்தைத் தட்டிக்கொண்டு இரண்டு அடி பின்வாங்கினால், இரண்டு காவலாட்களும் ரிங்கிலிருந்து அவ்வளவு தூரம் இழுபட்டு வருவார்கள். ஸ்க்ரீனை நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் போட்டால் பின்வாங்க இடமில்லை. கோட்டைத் தாண்டினால் பந்து எதிரணிக்கு. ஆகவே ஸ்க்ரீன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு ஒரு மீட்டர் வெளியே, முடிந்தவரை களத்தின் நடுவே அமையட்டும். ஓரத்தில் போட்டால் பக்கக் கோடே மூன்றாவது காவலாளாகிவிடும்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் கார்டுக்கு ஒரு கட்டளை மாறாது: பந்தைத் தட்டுவதை நிறுத்தாதே. நிறுத்திப் பிடித்துவிட்டால், ஒரு மீட்டருக்குள் காவலாள் நிற்கும்போது 5 விநாடிக்குள் பந்தை விட்டாக வேண்டும்; ட்ராப் போடுபவர்கள் காத்திருப்பதே அதற்காகத்தான்.

ஷோர்ட் ரோல்: நேரம் இருந்தால் இதுவே முதல் தெரிவு

ஸ்க்ரீன் போட்டவர் ரிங் வரை ஓடாமல், ரிங்குக்கு முன்னாலுள்ள ப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்தில் வெட்டி நின்று பந்தை வாங்குவதுதான் ஷோர்ட் ரோல். அவர் பந்தைப் பிடித்துத் திரும்பும்போது எதிரே மூன்று காவலாட்கள், தன்னோடு மூன்று சக வீரர்கள். மூன்று பேரில் ஒருவர் கட்டாயம் தன் ஆளை விட்டு முன்னே வர வேண்டும். வரவில்லை என்றால் நேராக ரிங்குக்குப் போகலாம். வந்தால், வந்தவர் யாரை விட்டு வந்தாரோ அவரிடம் பந்தைக் கொடுக்கலாம். ஸ்க்ரீன் போடுபவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: என்னிடம் வந்தது யார்?

இதன் வலிமையை உலகமே பார்த்தது அமெரிக்காவின் தொழில்முறைத் தொடரான என்.பி.ஏ.வின் 2014 இறுதிச் சுற்றில். லெப்ரோன் ஜேம்ஸ் ஆடிய மயாமி அணி பல ஆண்டுகளாக ஸ்க்ரீனுக்கு இரண்டு பேரை ஏவுவதில் பேர்போனது. கிறிஸ் போஷ் போன்ற, உயரமும் கால் வேகமும் சேர்ந்த ஒருவர் இருந்ததால் அவர்களால் அது முடிந்தது. மூன்றாவது ஆட்டத்தில் சான் அன்டோனியோ பயிற்றுவிப்பாளர் கிரெக் பொப்போவிச், தியாகோ ஸ்ப்ளிட்டரை விட்டுவிட்டு போரிஸ் டியாவை ஆரம்ப ஐவரில் இறக்கினார். டியா வேகமானவரும் இல்லை, உயரப் பாய்பவரும் இல்லை. நடுவில் நின்று பந்தை வாங்கி, ஒரு பார்வையில் சரியான ஆளுக்குக் கொடுப்பவர். அந்த ஆட்டத்தின் முதற்பாதியில் மட்டும் சான் அன்டோனியோ 71 புள்ளிகள் எடுத்தது, எய்ததில் 75.8 சதவீதம் உள்ளே போனது. மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஆட்டங்களை 111-92, 107-86, 104-87 என்று வென்று கிண்ணத்தை எடுத்தார்கள். டியா ஒருவரால் மட்டும் அந்தத் தொடர் திரும்பியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடுவில் நிற்கும் ஆளின் பார்வை எவ்வளவு பெறுமதி என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. கோல்டன் ஸ்டேட் அணியில் ஸ்டெபன் கறியை அடைத்தவர்களுக்கு ட்ரேமண்ட் கிரீன் கொடுத்த தண்டனையும் இதே வகைதான்.

எதிர்மாறான உதாரணமும் இருக்கிறது. 2018 என்.பி.ஏ. ப்ளே-ஓஃப் முதல் சுற்றில் நியூ ஓர்லியன்ஸ் அணி போர்ட்லண்டின் டேமியன் லில்லார்டைத் தொடர்ந்து இரண்டு பேரைக் கொண்டு அடைத்தது. வழமையான பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 26.9 புள்ளிகள் எடுத்தவர், அந்தத் தொடரில் 18.5 க்கு இறங்கினார். போர்ட்லண்ட் 4-0 என்று வெளியேறியது. லில்லார்ட் பந்தைக் கொடுக்காமல் இல்லை. கொடுத்த பந்தை வாங்கியவர்களால் அந்த நால்வர்-மூவர் கணக்கைப் போதிய அளவு புள்ளியாக்க முடியவில்லை.

நியூ ஓர்லியன்ஸ் என்ற பெயர் மட்டக்களப்புக் கூடைப்பந்துக்குப் புதிதும் இல்லை. புனித மிக்கேல் கல்லூரியில் இந்த விளையாட்டை வேரூன்றச் செய்த அமெரிக்க யேசு சபைத் துறவிகள் வந்தது அதே பெயர் கொண்ட யேசு சபை மாகாணத்திலிருந்துதான். அவர்களில் யூஜின் ஹெபர்ட் அடிகளார் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் மாணவர்களுக்குக் கூடைப்பந்து பயிற்றுவித்தவர். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் வந்தவரோடு காணாமல் போனார். இந்த ஊரில் பந்தைக் கையில் எடுக்கும் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சொல்லிக்கொடுப்பது நம் கடமை என்று நினைக்கிறேன்.

சரி, ஷோர்ட் ரோலுக்கு வருவோம். என்.பி.ஏ. காணொளிகளைப் பார்த்து அப்படியே பழக்குபவர்கள் ஒரு விதி வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள். அங்கே காவலாள் யாரையும் காக்காமல் பெயின்டுக்குள் (ரிங்குக்கு முன்னாலுள்ள கட்டத்துக்குள்) 3 விநாடிக்கு மேல் நிற்க முடியாது. நாம் ஆடும் சர்வதேச விதியில் அப்படித் தடை இல்லை. ரிங்குக்குக் கீழே ஓர் உயரமான ஆள் ஆட்டம் முழுக்க நிற்கலாம். ஆகவே ஷோர்ட் ரோல் வாங்கியவர் திரும்பும்போது ரிங் எப்போதுமே காலியாக இருக்காது. அதனால்தான் மற்ற மூவரும் எங்கே நிற்கிறார்கள் என்பது இங்கே இன்னும் முக்கியமாகிறது. இரண்டு கோர்னர்களிலும் ஓரளவு எய்யக்கூடியவர்கள். மூன்றாமவர், ரிங்குக்குப் பக்கத்தில் பேஸ் லைனோடு (ரிங்குக்குப் பின்னாலுள்ள எல்லைக் கோட்டோடு) ஒட்டி, போர்டுக்குச் சற்றுப் பின்னால். கீழே நிற்கும் காவலாள் ப்ரீ த்ரோ கோட்டை நோக்கி ஓரடி வைத்தால் பேஸ் லைனில் நிற்பவருக்குச் சின்ன பாஸ். அவர் வராமல் கோர்னர் காவலாள் வந்தால் அந்தக் கோர்னருக்குப் பந்து.

பெண்கள் அணிகளுக்கு இங்கே ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது. நம் பாடசாலைகளில் பெண் பிள்ளைகள் அதிகம் ஆடுவது வலைப்பந்து. வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு போக முடியாது. பிடித்ததும் காலை நிறுத்த வேண்டும். 3 விநாடிக்குள் கொடுத்தாக வேண்டும். வெட்டி ஓடி, இரண்டு காலில் நின்று, ஒரு காலை ஊன்றிச் சுழன்று, ஆளைப் பார்த்துப் பந்தை விடுவது அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஊறிப்போன பழக்கம். ஷோர்ட் ரோலுக்கு வேண்டியதும் அச்சொட்டாக அதேதான். வலைப்பந்து சென்டரை நம் அணிக்கு அழைத்து வந்து, 'நீ பந்தைத் தட்டப் பழகவில்லையே' என்று பெஞ்சில் உட்கார வைப்பதை விட, ஸ்க்ரீன் போட வைத்து ப்ரீ த்ரோ கோட்டுக்கு வெட்டச் சொல்லிப் பாருங்கள். அவரிடம் பழக்க வேண்டியவை இரண்டு. வலைப்பந்தில் உடல் உரசுவதே தவறு என்பதால், ஸ்க்ரீனில் ஆள் வந்து மோதும்போது அசையாமல் நிற்பது அவருக்குப் புதிது. எதிரே யாரும் வரவில்லை என்றால் ஒரே ஒரு தடவை பந்தைத் தட்டி ரிங்குக்குப் போகும் துணிவு இன்னொன்று.

குறை என்னவென்றால், இது ஐந்து பேரும் சேர்ந்து பழக வேண்டிய விஷயம். ஷோர்ட் ரோல் ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கோர்னரில் நிற்பவர் பந்தை நோக்கி ஓடி வந்து இடத்தை அடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. ஒரு பருவம் முழுக்கப் பழக நேரமுள்ள அணிக்கு இது. இரண்டு கிழமையில் சுற்றுப்போட்டி என்றால் வேறு வழி பார்க்க வேண்டும்.

ஸ்லிப்: கரப்பந்து ஆடும் உயரமானவர் கிடைத்தால்

ஸ்க்ரீன் போடப் போவது போல வந்து, உடலை முட்டாமலே ரிங்கை நோக்கிப் பாய்வது ஸ்லிப். பெரிய காவலாள் வெளியே பாய அவசரப்படும் அணிகளுக்கு எதிராக இது மிக நன்றாக வேலை செய்யும். அவர் கார்டை நோக்கி இரண்டாவது அடி வைக்கும்போது அவருடைய முதுகுக்குப் பின்னால் நம் ஆள் போய்க்கொண்டிருப்பார்.

கிழக்கில் கரப்பந்து ஆடாத ஊர் குறைவு. கூடைப்பந்து அணியின் உயரமான பொடியன் பலமுறை அங்கிருந்து வந்தவராகவே இருப்பார். காற்றில் வரும் பந்தைக் கணித்து, எங்கே எப்போது எழும்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தலைக்கு மேல் கைவிரல் பதமாக இருக்கும். ஆனால் ப்ரீ த்ரோ கோட்டில் பந்தை வைத்துக்கொண்டு மூன்று பேரைப் பார்த்து முடிவெடுப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. அவரை அங்கே நிறுத்தி வதைக்காமல், ரிங்குக்கு ஓடவிட்டு, உயரத்தில் பந்தைப் போடுவது நல்லது.

ஷோர்ட் ரோலோடு ஒப்பிட்டால் ஸ்லிப்பைப் பழக்குவது எளிது. இரண்டே பேர் போதும், ஒரு கிழமையில் கை வரும். அசையும் ஸ்க்ரீனுக்கு நடுவர் விசில் ஊதும் ஆபத்தும் இல்லை, ஏனென்றால் முட்டலே நடப்பதில்லை. ஆனால் கார்டின் பாஸ் சரியாக அமைய வேண்டும். உயரம் குறைந்த கார்ட் இரண்டு பேரின் உயர்த்திய கைகளுக்கு மேலாகப் பந்தைத் தூக்குவது இலகுவல்ல. ட்ராப் மூடிய பிறகு போட்டால் பந்து போகாது. மூடுமுன் போட வேண்டும். அத்தோடு ரிங்குக்குக் கீழே காவலாள் நிற்க விதி இடம் தருவதால், நம் ஆள் பாய்ந்து எழும்போது அவர் அங்கே காத்திருக்கலாம். முதல் மூன்று நான்கு தடவை புள்ளி கிடைக்கும். பிறகு எதிரணி கீழே ஓர் ஆளை இறக்கும். அப்போது கோர்னருக்கு ஒரு நீண்ட பாஸ் கொடுக்கும் பழக்கமும் இருந்தால்தான் ஸ்லிப் நிலைக்கும்.

நீண்ட பாஸ் என்றதும் நம் களங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். திறந்த சீமெந்துக் களத்தில் ஆடுபவர்களுக்கு ஜூன், ஜூலையில் கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்று விளக்கத் தேவையில்லை. களத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தலைக்கு மேலாகப் போடும் பந்து அந்தக் காற்றில் கொஞ்சம் நின்றுவிடும். அந்த இடைவெளி காவலாள் வந்து தட்டப் போதும். கடற்கரைக்குப் பக்கத்துக் களம் என்றால் மணல் படிந்து தரையில் குத்திப் போடும் பந்து வழுக்கும். ட்ராப்பிலிருந்து வெளியே எடுக்கும் முதல் பாஸ் இடுப்புக்குப் பக்கத்தால், குறுகிய தூரத்துக்கு, பலமாகப் போகட்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே திறந்த களத்தில் ஸ்லிப்பை விட ஷோர்ட் ரோலுக்கு நான் கூடுதல் புள்ளி கொடுப்பேன். உள்ளரங்கில் ஆட்டம் என்றால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும்.

மூன்றாவது ஆள் வழியாக

கார்டால் ஸ்க்ரீன் போட்டவருக்கு நேரே கொடுக்க முடியவில்லை. ஆனால் பக்கத்தில் ஒருவர் மேலே ஏறி வந்தால் அவருக்குக் கொடுக்கலாம். அவருடைய கோணத்திலிருந்து பார்த்தால் ஸ்க்ரீன் போட்டவர் உள்ளே தன் காவலாளை முதுகால் அடைத்துக்கொண்டு காலியாக நிற்பது தெரியும். இரண்டு பாஸில் பந்து உள்ளே.

ஹெட்ஜுக்கு எதிராக இது மிக நல்ல வழி. வெளியே வந்த பெரியவர் திரும்பி ஓடும்போது நம் ஆள் அவருக்கும் ரிங்குக்கும் இடையில் இருப்பார். முதல் பாஸ் போகும் நேரத்தில் அந்த இடம் நிலைப்படும். உயரம் குறைந்த கார்ட் உள்ள அணிக்கும் இது ஆறுதல், ஏனென்றால் முதல் பாஸ் பக்கவாட்டில்தான் போகிறது. அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. அந்தப் பக்கவாட்டு பாஸை எதிர்பார்த்துக் காத்திருக்கும் காவலாள் அதை வெட்டிவிட்டால் அவருக்கு முன்னால் காலிக் களம். மேலே ஏறி வருபவர் நின்ற இடத்தில் நிற்காமல் பந்தை நோக்கி ஓரடி வந்து வாங்க வேண்டும். பழக்க நேரம் ஸ்லிப்பை விடக் கொஞ்சம் கூட, ஷோர்ட் ரோலை விடக் குறைவு. நேரம் குறைந்த அணிக்கு நான் சிபாரிசு செய்வது ஸ்லிப்பும் இதுவும் சேர்ந்த சோடியைத்தான். ஸ்லிப் அடைபட்டால் உடனே பந்து மூன்றாவது ஆளுக்கு.

கார்ட் தானே உடைப்பது

ஸ்க்ரீனைப் பயன்படுத்தாமல் எதிர்ப்பக்கம் போவது ஒன்று. இரண்டு காவலாட்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பந்தைத் தாழ்வாகத் தட்டிக்கொண்டு நுழைவது இன்னொன்று. முதலாவதை எல்லாக் கார்டுகளுக்கும் பழக்குங்கள். கார்டின் காவலாள் ஸ்க்ரீனைத் தாண்ட அவசரப்பட்டு முன்கூட்டியே ஒரு பக்கம் சாய்ந்தால், மறுபக்கம் திறந்த கதவு. இதற்குச் சிக்கலான பயிற்சி ஒன்றும் தேவையில்லை.

இரண்டாவதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பார்க்க அழகு, கூட்டம் கைதட்டும். பந்து ஒரு காவலாளின் முழங்காலில் பட்டாலும் எதிரணிக்கு ஃபாஸ்ட் பிரேக், நாம் திரும்புமுன் ஓடிப் புள்ளி எடுக்கும் வாய்ப்பு. பந்தைப் பறிகொடுக்கும் இடம் களத்தின் நடுப்பகுதி என்பதால் திரும்பி ஓடித் தடுக்கவும் ஆள் இல்லை. பந்துக் கைப்பிடிப்பில் மிகத் தேர்ந்த கார்ட் இருந்து, ஹெட்ஜ் போடுபவர் ஸ்க்ரீனை விட்டு அகலமாக வெளியேறும் பழக்கமுள்ளவராகவும் இருந்தால் மட்டும் அனுமதிக்கலாம். ட்ராப்புக்கு எதிராக வேண்டவே வேண்டாம்.

வெளியே நிற்கும் சென்டர், காலியான கோர்னர்

ஸ்க்ரீன் போட்டவர் உள்ளே ஓடாமல் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே விலகி நிற்பதும் உண்டு. 2011 என்.பி.ஏ. இறுதிச் சுற்றில் உயரமான வீரர் டேர்க் நொவிட்ஸ்கியை வைத்து டாலஸ் அணி மயாமியை 4-2 என்று வென்றபோது இந்த ஆயுதத்தின் பலம் தெரிந்தது. உங்களிடம் 6.75 மீட்டரிலிருந்து நம்பி எய்யக்கூடிய உயரமானவர் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதையே செய்யலாம். நம் பாடசாலை அணிகளில் அப்படி ஒருவர் இருப்பது அபூர்வம். ஆகவே இதில் அதிக நேரம் செலவழிக்க மாட்டேன்.

ஸ்க்ரீன் போடும் பக்கத்துக் கோர்னரைக் காலியாக்கிவிட்டு, அந்தப் பக்கத்தில் இரண்டு பேர் மட்டும் ஆடுவது இன்னொரு வழி. உதவிக்கு வர வேண்டிய காவலாள் களத்தின் மறுபக்கத்திலிருந்து ஓடி வர வேண்டியிருக்கும். ஹெட்ஜுக்கு எதிராக, குறிப்பாக ஸ்லிப்போடு சேர்த்தால், மிகச் சுத்தமான வழி இது. ஆனால் ட்ராப் போடும் அணிக்கு எதிராக இதைச் செய்வதை நான் விரும்பவில்லை. முன்பு சொன்ன அதே காரணம்தான்: ஓரத்தில் ஆடும்போது பக்கக் கோடு அவர்கள் பக்கம் சேர்ந்துவிடுகிறது, கார்டுக்குப் பாஸ் போட ஒரு திசைதான் மிஞ்சுகிறது. பக்கத்தில் துணைக்கு ஆளும் இல்லை. ஹெட்ஜா ட்ராப்பா என்று முதலிலேயே பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

ஸ்க்ரீனையே கைவிட்டு ஆடலாமா என்றால், ஆடலாம். கார்ட் ஒருவரோடு ஒருவர் மோதி வெல்லக்கூடியவராக இருந்து, எதிரணியின் பெரிய ஆள் மயாமியின் போஷ் போல வேகமானவராக இருந்தால், சில நிமிடங்களுக்கு அது புத்திசாலித்தனம். ஆனால் ட்ராப் வந்த பயத்தில் கைவிட்டால், எதிரணி இரண்டு பேரைச் செலவழித்து வாங்கிய பலனை அதன் பிறகு ஒரே ஆளைக் கொண்டு இலவசமாகப் பெற்றுக்கொள்ளும்.

உங்கள் அணிக்கு எது?

சுற்றுப்போட்டிக்கு இரண்டு மூன்று கிழமைகளே இருந்து, உயரமான பொடியன் கரப்பந்திலிருந்து வந்தவர் என்றால் ஸ்லிப்பும் மூன்றாவது ஆளும். பெண்கள் அணியில் வலைப்பந்து ஆடிய சென்டர் இருந்தால், நேரம் குறைவாக இருந்தாலும் ஷோர்ட் ரோலை முயன்று பாருங்கள். அவருக்குப் பாதிப் பாடம் ஏற்கனவே தெரியும். ஒரு பருவம் முழுக்கக் கையில் இருந்தால் எந்த அணியாக இருந்தாலும் ஷோர்ட் ரோல்தான், ஸ்லிப் அதன் துணை. உயரமானவர் எவருமே பந்தைச் சரியாகப் பிடிக்க முடியாத அணி என்றால் ஒரு சின்ன மாற்றம் செய்யலாம்: பெரியவரை விட்டுவிட்டு இரண்டாவது கார்டை ஸ்க்ரீன் போட விடுங்கள். பந்தைப் பிடித்து முடிவெடுக்கத் தெரிந்தவர் நடுவில் இருப்பார். அத்தோடு எதிரணியில் வெளியே பாய வேண்டியவர் இப்போது ஒரு சின்ன ஆள்; கார்டின் கண்ணுக்கு முன்னால் உயர்ந்த கைகள் குறையும். குள்ளமான அணிகளுக்கு இது நல்ல தெரிவு. இங்கே ஏன் அதிகம் பேர் இதைச் செய்வதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

பயிற்சியை எங்கே தொடங்குவது என்று கேட்டால், கார்டிலிருந்து தொடங்காதீர்கள். ஸ்க்ரீன் போடுபவரை ப்ரீ த்ரோ கோட்டில் நிறுத்தி, பந்தைக் கையில் கொடுத்து, மூன்று சக வீரர்களோடும் மூன்று காவலாட்களோடும் ஆடவிடுங்கள். ஒரு தடவைக்கு மேல் பந்தைத் தட்டக் கூடாது என்பது ஒரு நிபந்தனை, மூன்று பாஸுக்குள் எய்துவிட வேண்டும் என்பது மற்றது. காவலாட்கள் மூவரிடமும் ஒவ்வொரு தடவையும் வேறொருவரை முன்னே போகச் சொல்லி இரகசியமாகக் கூறுங்கள். 'என்னிடம் வந்தது யார்' என்ற கேள்விக்கு ஸ்க்ரீன் போடுபவர் யோசிக்காமல் விடை சொல்லும் வரை இதிலேயே நில்லுங்கள். மறுகா கார்டையும் ட்ராப் போடும் இரண்டு பேரையும் சேர்த்து ஐவருக்கு ஐவர் ஆக்கலாம். கார்ட் பாஸ் கொடுத்த பிறகு நின்று பார்க்காமல், ட்ராப் போட்டவர்களுக்குப் பின்னால் ஓடிப் போய் மீண்டும் பந்து வாங்கத் தயாராக இருக்கிறாரா என்று கவனியுங்கள். பலர் அந்த இடத்தில்தான் ஓய்வெடுக்கிறார்கள்.

இதெல்லாம் சரியாக நடந்தால் இரண்டாம் கால்பகுதியிலேயே எதிரணி ட்ராப்பை நிறுத்திவிட்டு, பெரிய காவலாளைப் பின்னே இறக்கிவிடும். அதைக் கண்டதும் உடனே பழைய பிக் அண்ட் ரோலுக்குத் திரும்புங்கள். ஸ்க்ரீனைத் தாண்டியதும் கார்டுக்கு முன்னால் ப்ரீ த்ரோ கோடு வரை காலியான இடம் இருக்கும்; அங்கிருந்து எய்வதா, ரோல் போகும் ஆளுக்குக் கொடுப்பதா என்று அவரே பார்த்துக்கொள்வார்.